பள்ளி லீவு ஒரு தேதி, போனஸ் ஒரு தேதி: சிவகாசிக் குடும்பங்கள் டூர் பட்ஜெட் போடுவது எப்படி?

குடும்ப பட்ஜெட் பற்றிய போன வீடியோவுக்குக் கீழே ஒரு அம்மா கேட்டிருந்தாங்க: "சார், பிள்ளைங்களுக்கு லீவு விடும்போது எங்களுக்கு லீவு கிடையாது. எங்களுக்கு லீவு விடும்போது பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு. ரெண்டு பேருக்கும் லீவு இருக்கும்போது கையில காசு இல்ல. நாங்க எப்பதான் டூர் போறது?"

சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ மாசச் சம்பளம் வாங்குறவங்களுக்கு இந்தக் கேள்வி முழுசாப் புரியாது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு உடனே புரியும். ஏன்னா நம்ம ஊர்ல பள்ளிக்கு ஒரு காலண்டர், பணத்துக்கு ஒரு காலண்டர். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது. அதனால "எங்க போகலாம்?"னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, எந்த லீவுல போறோம், அந்தக் காசு எந்த மாசத்துல இருந்து வரணும்னு முடிவு பண்ணணும். இந்தப் பதிவு அதுக்குத்தான்.

ரெண்டு காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல வைங்க

முதல்ல பள்ளிக் காலண்டர். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள்ல காலாண்டு லீவு வழக்கமா செப்டம்பர் கடைசியில தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரைக்கும். அரையாண்டு லீவு டிசம்பர் 24-ஐ ஒட்டி ஆரம்பிச்சு புத்தாண்டு வரைக்கும். ஜனவரி நடுவுல பொங்கல். அப்புறம் ஏப்ரல் பாதியில இருந்து ஜூன் முதல் வாரம் வரை கோடை லீவு.

இப்போ பட்டாசுத் தொழில் காலண்டர். காலாண்டு லீவு விடுற நேரம்தான் ஆலையில வேலை உச்சத்துல இருக்கும். லோடு கிளம்பிக்கிட்டே இருக்கும், யாரும் லீவு கேட்க முடியாது. தீபாவளிக்கு முன்னாடி போனஸ். தீபாவளி முடிஞ்சதும் ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும், அப்புறம் பூஜை போட்டுத் திறப்பாங்க. அந்த நவம்பர் மாசத்துல அப்பா அம்மா ரெண்டு பேரும் வீட்டுல, கையில போனஸ் காசு. ஆனா பிள்ளைக்கு ஸ்கூல் இருக்கு, டிசம்பர்ல அரையாண்டுத் தேர்வு வேற. கோடை லீவு வரும்போது அந்தப் போனஸ் காசு எங்க போச்சுன்னே தெரியாது.

2026-லயும் இதே கதைதான். ஆயுத பூஜை அக்டோபர் 19 திங்கள், விஜயதசமி 20 செவ்வாய். சனி, ஞாயிறு சேர்த்தா நாலு நாள் தொடர் லீவு. மத்த ஊர்க்காரங்க அதுக்குத்தான் டூர் போடுவாங்க. நமக்கோ தீபாவளி நவம்பர் 8. அதாவது மூணு வாரம் கூட இருக்காது. அந்த நாலு நாளும் பட்டாசு வேலையில இருக்கிறவங்களுக்கு டூர் நாள் கிடையாது.

எனக்கும் இதே சிக்கல்தான். வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. என் மகளுக்குக் காலாண்டு லீவு விடும்போது நான் ஆபீஸ்ல ராத்திரி 11 மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். 2025-ல கெடுவை நீட்டிச்சாங்க, ஆனா அது கடைசி நேரத்துலதான் தெரிஞ்சது. அதை நம்பி டிக்கெட் போட முடியுமா?

நகை எதுக்கு வச்சது?

எங்ககிட்ட கணக்கு பார்க்கிற ஒரு அண்ணாச்சி. காகிதக் குழாய் சப்ளை பண்றவர், நல்ல உழைப்பாளி. ஒரு மே மாசம் குடும்பத்தோட அஞ்சு நாள் டூர் போனார். 40,000 ரூபாய் செலவு, கையில இருந்த காசுலதான் போனார், கடன் எதுவும் வாங்கல. ஜூன்ல பள்ளி திறந்தது. ரெண்டு பிள்ளைக்கும் பீஸ், யூனிஃபார்ம், நோட்டு, வேன் காசு. நகையைக் கொண்டுபோய் வச்சார்.

கணக்கு முடிக்க வந்தப்போ சொன்னார்: "தம்பி, டூருக்குக் கடன் வாங்கியிருந்தாக் கூட நம்ம ஆசைக்கு வாங்கினோம்னு இருக்கும். பிள்ளை படிப்புக்கு நகை வச்சேன்னு சொல்லத்தான் ஒரு மாதிரி இருக்கு."

நான் சொன்னேன்: "அண்ணாச்சி, நீங்க பீஸுக்கு நகை வைக்கல. டூருக்குத்தான் வச்சீங்க. ரசீதுல தேதி மட்டும் ஜூன்னு இருக்கு."

மாசம் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டின்னு வச்சுக்கிட்டாலும், 40,000 ரூபாய்க்கு வருஷ வட்டி 4,800. தீபாவளி வசூல் வந்துதான் அவர் நகையை மீட்டார். அதாவது அடுத்த வருஷ டூருக்குப் போயிருக்க வேண்டிய காசுல ஒரு பகுதி, போன வருஷ டூருக்கு வட்டியாப் போயிடுச்சு.

இந்தத் தப்பு நம்ம பகுதியில அடிக்கடி நடக்குது. காரணம் ஊதாரித்தனம் இல்ல. மே மாசம் டூரையும் ஜூன் மாசம் பீஸையும் தனித்தனிச் செலவா நினைக்கிறோம். நடுவுல இருக்கிறது நாலே வாரம். கோடை டூர் பட்ஜெட் போடும்போது ஜூன் பீஸையும் அதே பேப்பர்ல எழுதணும். இதுதான் இந்தப் பதிவோட முதல் விதி.

உங்க தொழிலுக்கு எந்த லீவு பொருந்தும்?

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஒரே சிவகாசியிலேயே மூணு நாலு சீசன் ஓடுது.

பட்டாசு ஆலை வேலை: காலாண்டு லீவை மறந்துடுங்க. அரையாண்டு லீவு நல்லாப் பொருந்தும். ஆலை திறந்திருக்கும், ஆனா அக்டோபர் நெருக்கடி இருக்காது. போனஸ் செலவாகி முடியறதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடலாம்.

பட்டாசு வியாபாரம், சப்ளை: வெளியூர் வசூல் தீபாவளிக்கு அப்புறம்தான் ஒண்ணொண்ணா வந்து சேரும். வர வேண்டிய காசை நம்பி டிசம்பர் டூர் போடாதீங்க. வந்த காசை வச்சு மே மாசம் போங்க.

காலண்டர், டைரி அச்சகம்: ஆடி 18-க்கு ஆல்பம் வெளியிட்டதுல இருந்து புத்தாண்டு வரைக்கும் ஓட்டம்தான். டிசம்பர் லீவு உங்களுக்குக் கிடையாது. பொங்கல் லீவு அல்லது கோடை.

நோட்டுப் புத்தகம் தயாரிப்பு: இதுக்கு நேர் தலைகீழ். பள்ளி திறக்கிறதுக்கு முந்தின மாசங்கள்தான் உங்க தீபாவளி. அரையாண்டு லீவுல போயிடுங்க.

விருதுநகர் மளிகை, பருப்பு, எண்ணெய் வியாபாரம்: பண்டிகை முடிஞ்ச அடுத்த வாரம் பாருங்க. ஊர்ல பங்குனிப் பொங்கல் சமயம் சொந்தக்காரங்க வீட்டுக்கு வருவாங்க, அந்தச் செலவையும் கணக்குல எடுத்துக்கோங்க.

"நவம்பர்ல ஆலை மூடியிருக்கே, பிள்ளைக்கு ஒரு வாரம் லீவு போட்டுட்டுப் போனா என்ன? ரூம் வாடகையும் கம்மி"ன்னு கேட்பீங்க. வாடகை கம்மிதான், ஒத்துக்கிறேன். ஆனா அரையாண்டுத் தேர்வுக்கான பாடம் ஓடுறது அந்த வாரங்கள்லதான். பத்தாவது, பன்னிரண்டாவதுன்னா யோசிக்கவே வேண்டாம். சிபிஎஸ்இ-யில பொதுத்தேர்வு எழுத 75% வருகை வேணும், ஒரு காய்ச்சல் வந்தாலே அஞ்சாறு நாள் போயிடும். ரூம்ல 3,000 ரூபாய் மிச்சம் பிடிச்சுட்டு, விட்ட பாடத்துக்கு டியூஷன் வச்சா மிச்சம் எங்க? நவம்பர்ல சனி, ஞாயிறு ரெண்டு நாள் பக்கத்துல எங்கயாவது போயிட்டு வாங்க, போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

இது உதாரணக் கணக்கு. உங்க எண்ணை நீங்க போட்டுக்கோங்க.

வாரச் சம்பளக் குடும்பம், ரெண்டு பிள்ளைங்க. வருஷத்துல 49 வாரம் வேலை, மொத்தக் கூலி 2,40,000. அப்போ வாரத்துக்குச் சுமார் 4,900 ரூபாய். வீட்டுச் செலவு வாரம் 4,000.

போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33%. அதாவது வருஷக் கூலியில பன்னிரண்டுல ஒரு பங்கு. அதிகபட்சம் 20%. நாம 15%-னு வச்சுக்குவோம். 36,000 ரூபாய்.

இந்த 36,000 கைக்கு வந்ததும் முதல்ல எடுத்து வைக்க வேண்டியது துணிக்கும் பலகாரத்துக்கும் இல்ல. ஆலை மூடியிருக்கிற வாரங்களுக்கு. மூணு வாரம், வாரம் 4,000 வீதம் 12,000. இதைப் பலபேர் மறந்துடுறாங்க. அப்புறம்தான் தீபாவளிச் செலவு, 9,000. மீதி 15,000.

இப்போ அந்த ஒரே பேப்பர் கணக்கு. கோடையில நாலு நாள் டூர்: பயணம் 5,000, தங்க 9,000, சாப்பாடு 8,000, உள்ளூர் வண்டி 3,000, மத்தது 3,000. மொத்தம் 28,000. எதிர்பாராத செலவுக்குப் பத்துல ஒரு பங்கு சேர்த்தா ஏறக்குறைய 31,000. ஜூன் பீஸ், நோட்டு, யூனிஃபார்ம் 24,000. ஆக மொத்தம் 55,000.

கையில இருக்கிறது 15,000. மீதி 40,000-ஐ டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் 24 வாரத்துல சேர்க்கணும். வாரம் 1,667. ஆனா வாரத்துல மிஞ்சறதே 900 ரூபாய்தான். ஒத்துவராது. இந்த இடத்துலதான் மனசு சொல்லும், "எப்படியாவது சமாளிச்சுக்கலாம்"னு. அந்த "எப்படியாவது"க்கு இன்னொரு பேர்தான் நகைக் கடன்.

கணக்கு ஒத்துவரலன்னா டூரைச் சின்னதாக்குங்க, பீஸ்ல கை வைக்காதீங்க. ரெண்டு நாள் டூர், 12,000-க்குள்ள. அப்போ மொத்தத் தேவை 36,000. கையில 15,000 போக மீதி 21,000. 24 வாரத்துக்கு வாரம் 875. மிஞ்சுற 900-க்குள்ள அடங்கிடுச்சு.

இதை எப்படிச் செய்யறது? போனஸ்ல மிஞ்சுன 15,000-ல 12,000-ஐத் தனிக் கணக்குல போடுங்க. ஏடிஎம் கார்டு கையில இல்லாத கணக்கா இருந்தா இன்னும் நல்லது. அது டூர் காசு. சனிக்கிழமை சம்பளத்துல 875 எடுத்து வச்சா நாலு வாரத்துல 3,500 ஆகும். பேங்க்ல மாசம் 3,500-க்கு ஆறு மாச ஆர்டி போடுங்க. டிசம்பர் முதல் வாரம் தொடங்கினா ஜூன் முதல் வாரம் முதிர்வு. 21,000-மும் கொஞ்சம் வட்டியும் வரும். போனஸ்ல மீதி இருக்கிற 3,000-ஐச் சேர்த்தா 24,000 பீஸ் ரெடி.

ஆர்டி வட்டியில நீங்க பணக்காரர் ஆகப் போறதில்ல. காசு கண்ணுல படாம இருக்கும், அதுதான் லாபம்.

பெரிய டூர்தான் வேணும்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போங்க. ஒரு வருஷம் ஒரு நாள் டூர், அடுத்த வருஷம் நாலு நாள் டூர். பிள்ளைங்ககிட்டயும் இந்தப் பேப்பரைக் காட்டுங்க. ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு இது நல்லாவே புரியும்.

"நோ காஸ்ட் இஎம்ஐ-ல டூர் போகலாம்"னு விளம்பரம் வரும். அதுலயும் பிராசஸிங் கட்டணம் இருக்கலாம், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி போடுவாங்க. அதைவிட முக்கியமா, அந்தத் தவணை ஜூன், ஜூலையில வரும். உங்க கை ரொம்பக் காய்ஞ்சிருக்கிற மாசம் அது.

ரயில் டிக்கெட்: 60 நாள் விதி

2024 நவம்பர் 1-ல இருந்து ரயில் முன்பதிவு 120 நாள்ல இருந்து 60 நாளாக் குறைஞ்சிடுச்சு. நம்ம ஊருக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு.

டிசம்பர் 24-க்கு டிக்கெட் வேணும்னா அக்டோபர் 25 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். 2025-ல தீபாவளி அக்டோபர் 20. போனஸ் வாங்கி, பண்டிகை முடிச்சு, நிதானமா டிக்கெட் போட்டிருக்கலாம். 2026-ல தீபாவளி நவம்பர் 8. முன்பதிவு திறக்கும்போது போனஸ் இன்னும் கைக்கு வந்திருக்காது, வேலையும் உச்சத்துல இருக்கும். போனஸ் வந்ததும் பார்த்துக்கலாம்னு இருந்தா ரெண்டு வாரம் போயிடும். பொதிகை, சிலம்பு மாதிரி வண்டிகள்ல லீவு நாளுக்கு வெயிட்டிங் லிஸ்ட் வர்றதுக்கு ரெண்டு வாரம் தேவையே இல்ல.

அதனால டிக்கெட் காசை மட்டும் முன்கூட்டியே, ஆகஸ்ட், செப்டம்பர் சம்பளத்துல எடுத்து வைங்க. அந்த மாசங்கள்ல வேலை நிறைய, கூலியும் கூட வரும். போனஸ் மத்த செலவுக்கு. திட்டம் மாறினாலும் நல்லா முன்னாடியே ரத்து பண்ணினா பெரிய நஷ்டம் இல்ல. கோடைக்கும் இதே கணக்குதான். 2027 மே 1-ல கிளம்பணும்னா மார்ச் 2-ல டிக்கெட் போடணும். ஐஆர்சிடிசி கணக்குல ஆதாரை இப்பவே இணைச்சு வைங்க. முன்பதிவு திறக்கிற அன்னைக்குக் காலையில ஓடிபி வரலன்னு போராட வேண்டாம்.

சின்னப் பிள்ளைங்களுக்கு: 5 வயசுக்குள்ள தனி பெர்த் வேண்டாம்னா டிக்கெட் தேவையில்ல. 5-ல இருந்து 12 வயசுக்குள்ள, பெர்த் வேண்டாம்னா அரை டிக்கெட், பெர்த் வேணும்னா முழு டிக்கெட். ராத்திரிப் பயணத்துக்கு முழு டிக்கெட்டாவே பட்ஜெட்ல எழுதிடுங்க.

எங்க போறது?

குற்றாலம் நமக்குப் பக்கம். ஆனா அருவியில தண்ணி கொட்டுற சீசன் தென்மேற்குப் பருவமழையோட, ஜூன்ல ஆரம்பிக்கும். பிள்ளைங்களுக்குப் பள்ளி திறக்கிற நேரம் அது. மே மாசம் ரூம் போட்டுட்டுக் காய்ஞ்ச பாறையைப் பார்த்துட்டு வந்தவங்க நிறையப் பேர். குற்றாலத்தை ஜூலையில ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைங்க, ராஜபாளையம், தென்காசி வழியாக் காலையில போயிட்டு ராத்திரி வந்துடலாம். தங்குற செலவே இல்ல.

கொடைக்கானல், ஊட்டிக்கு வண்டியில போறதா இருந்தா இ-பாஸ் எடுக்கணும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாசம் வந்த ஏற்பாடு இது. கோடையில ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு 2025-ல வரம்பும் கொண்டுவந்தாங்க. பாஸ் கையில வந்த பிறகு ரூமுக்கு அட்வான்ஸ் கட்டுங்க.

12,000-க்குள்ள ரெண்டு நாள்னா கன்னியாகுமரி. விருதுநகர்ல ரயில் ஏறினா நேராப் போயிடலாம். ஒரு நாள்னா மதுரை, அப்படியே கீழடி அருங்காட்சியகம். நம்ம மாவட்டத்துலயே வெம்பக்கோட்டையில அகழாய்வு நடந்திருக்கு, விருதுநகர்ல காமராஜர் இல்லம் இருக்கு. பிள்ளைங்க பாடத்துல படிக்கிறதைக் கண்ணால பார்க்கட்டும்.

வரியில ஏதாவது மிச்சமாகுமா?

உங்க சம்பளத்துல எல்டிஏ-ன்னு பயணப் படி இருந்து, நீங்க பழைய வரி முறையில இருந்தா மட்டும் பாருங்க. புது முறையில இந்த விலக்கு கிடையாது. நாலு காலண்டர் வருஷத்துக்கு ரெண்டு பயணம். 2022-2025 தொகுதி முடிஞ்சது, இப்போ 2026-2029. முந்தின தொகுதியில விட்டுப்போன ஒரு பயணத்தை 2026-க்குள்ள எடுத்துக்கலாம். இந்தியாவுக்குள்ள போக வர டிக்கெட்டுக்கு மட்டும்தான் விலக்கு, ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் இல்ல. டிக்கெட்டைப் பத்திரமா வைங்க.

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் எடுத்தா டிசிஎஸ் பிடிப்பாங்க. அது உங்க பான் எண்ணுல வரவா இருக்கும், ரிட்டர்ன் போட்டு எடுத்துக்கலாம். ஆனா எடுக்கிற வரைக்கும் அந்தக் காசு உங்க கையில இருக்காது, பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க.

டூரே வேண்டாம்னு விடலாமே?

சிலர் இப்படியும் கேட்பீங்க. என் சின்ன வயசுல கோடை லீவுன்னா எங்க வீட்டுல தீப்பெட்டி ஒட்டுற வேலை. அம்மா பசை காய்ச்சி வைப்பாங்க. நானும் அக்காவும் உட்கார்ந்து ஒட்டுவோம். குரோஸ் கணக்குல கூலி, ஒரு குரோஸ்னா 144 பெட்டி. எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு அங்கதான் வந்தது. அந்தக் காசுல ஜூன் மாசம் நோட்டு வாங்குவாங்க. டூர்ங்கிற வார்த்தையே வீட்டுல கிடையாது.

அம்மாவைக் குறை சொல்லல, அன்னைக்கு வேற வழி இல்ல. ஆனா லீவுன்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சதே பத்தாவது பரீட்சை முடிஞ்சு, மாமா ஒருத்தர் கன்னியாகுமரிக்குக் கூட்டிட்டுப் போன அந்த ஒரு நாள்லதான். அப்போ பஸ்ல எந்த சீட்ல உட்கார்ந்தேன்ங்கிறது கூட இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. அதனால டூரை வீண் செலவுன்னு நான் சொல்ல மாட்டேன். அதுவும் பிள்ளைக்கு நாம கொடுக்க வேண்டியதுதான். கடன் இல்லாமக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுங்க. மூணே வரி எழுதுங்க:

1. எங்க தொழிலுக்குப் பொருந்துற லீவு எது?
2. அதுக்கு 60 நாள் முன்னாடி வர்ற தேதி என்ன? டிக்கெட் காசு எந்தச் சம்பளத்துல இருந்து?
3. டூரும் அடுத்த பீஸும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? வாரத்துக்கு எவ்வளவு எடுத்து வைக்கணும்?

மூணாவது வரி உங்க வாரச் சம்பளத்துக்குள்ள அடங்குனா டிக்கெட் போடுங்க. அடங்கலன்னா நாளைக் குறைங்க. அந்த அண்ணாச்சி இப்போ அப்படித்தான் பண்றார். போன கோடையில ரெண்டே நாள்தான் போயிட்டு வந்தார். ஜூன்ல பீஸ் கட்டின ரசீதை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சிருந்தார். வேற எதுவும் எழுதல.